பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய ஆசனம்

அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில் குடியானவர் வீட்டுக் கொட்டகைகளை எட்டிப் பார்த்தால், தூசி படிந்த பழைய பிக்கப் வண்டிகள் நின்றுகொண்டிருப்பதை இன்றும் காணலாம். முன்புறத்தில் மூன்று பேர் நெருங்கி உட்காரத்தக்க ஒரு சிறு கூண்டு. பின்புறத்தில் வைக்கோலோ, விறகோ, கன்றுக்குட்டியோ, எதை ஏற்றினாலும் ஏற்றுக்கொள்ளும் திறந்த தொட்டி. இவ்வளவுதான் பிக்கப். 1925-ஆம் வருஷத்தில் ஃபோர்ட் கம்பெனியார் தங்கள் 'மாடல் டி' மோட்டாருக்குப் பின்புறம் இத்தகைய தொட்டி ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, 281 டாலர் விலைக்கு விற்றார்கள். அதற்கு முன்பெல்லாம் வண்டியை வாங்கியவர்கள் தாங்களே அதன் பின்பக்கத்தை அறுத்து, மரப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வண்டியைத் தன் தேவைக்குத் தக்கபடி தானே திருத்திக்கொள்ளும் வழக்கம் பிக்கப்புக்கும் முந்தியது என்று சொல்லலாம்.

அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. 1950, 1960-களில் வந்த ஷெவர்லே, ஃபோர்ட் வண்டிகளை, பாட்டனார் ஓட்டியது, தகப்பனார் ஓட்டியது என்று அருமை பாராட்டி வைத்திருப்பவர்கள் அநேகர். விடுமுறை நாட்களில் எஞ்சினைப் பிரித்துச் செம்மை செய்கிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், சக்கரங்களை மாற்றுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, கையில் இருந்த பணமும் பெரும்பாலும் முடிந்த பிறகு, ஆசனத்தின் ஞாபகம் வருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் காரியத்தைப் பற்றியது. நம்முடைய அபிப்பிராயத்தில் முதற் காரியமாக இருக்க வேண்டியது அதுவே.

பழைய ஆசனத்தின் கதை வேடிக்கையானது. கூண்டின் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரையில் ஒரே நீளமாகப் போட்ட பெஞ்சு அது. இரும்புச் சட்டத்தின்மேல் பாம்பு போல் வளைந்த கம்பிச் சுருள்கள், அவற்றின்மேல் சாக்குத் துணி, அதன்மேல் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே வழவழப்பான வினைல் உறை. ஐம்பது வருஷம் கழிந்தால் கம்பிகள் ஒடிந்துவிடுகின்றன; பஞ்சு கட்டிதட்டிப் போகிறது; எலிகள் குடியேறி வம்ச விருத்தி செய்கின்றன. ஓட்டுபவர் உட்காரும் பக்கம் மட்டும் குழி விழுந்திருப்பதால், பக்கத்தில் உட்கார்ந்தவர் மெல்ல மெல்ல அவர் மேல் சரிந்துகொண்டே வருவார். வளைவில் திரும்பும்போது மூவரும் சேர்ந்து ஒரு கதவிலிருந்து மற்றொரு கதவுக்குச் சறுக்குவார்கள். பெஞ்சை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆனால் முழுப் பெஞ்சும் ஒன்றாகத்தான் நகரும். குட்டையான மனைவி வண்டி ஓட்டினால், நெட்டையான கணவர் முழங்காலை முகவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

இருந்தபோதிலும் அந்தப் பெஞ்சுக்கு ஒரு பெருமை உண்டு. தாய், தந்தை, நடுவில் குழந்தை என்று ஒரு குடும்பமே அதில் அடங்கிவிடும். தனித்தனி ஆசனம் போட்டுக்கொள்ளும்போது முதலில் பறிபோவது அந்த நடு இடம். ஆசையோடு ஆசனம் தேடப் புறப்படுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

புது ஆசனத்துக்கு வழிகள் பல. பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டு கம்பியும் பஞ்சும் உறையும் புதிதாக இடலாம். வண்டிக் கம்பெனி அல்லாத பிற தொழிற்சாலைகள் இந்த வண்டிகளுக்கென்றே அளவெடுத்துச் செய்து விற்கும் பெஞ்சுகளையோ, 'பக்கெட்' என்ற தனி ஆசனங்களையோ வாங்கலாம். அல்லது காயலான் கடைக்குப் போய், விபத்தில் நொறுங்கிய ஒரு புது வண்டியின் ஆசனத்தை மலிவாகக் கழற்றி வரலாம். இந்த மூன்றாவது வழியில்தான் அமெரிக்க இளைஞர்களுக்கு மோகம் அதிகம். இது ஏதோ பிற்காலத்து நாகரிகம் என்றும் சொல்வதற்கில்லை. 1967-ஆம் வருஷத்து ஷெவர்லே பிக்கப்பில், கூடுதல் விலை கொடுப்பவர்களுக்குத் தனி ஆசனங்களைக் கம்பெனியாரே போட்டுக் கொடுத்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஆசனம் மாற்றுவது வீட்டில் நாற்காலி மாற்றுவது போன்ற காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய நாலு போல்ட்டைக் கழற்று, புதிய நாலு போல்ட்டைப் பூட்டு, தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். வண்டி நிற்கும் வரையில், அல்லது நேராக ஓடும் வரையில், அந்த எண்ணத்தில் தவறு ஒன்றும் தெரியாது. வண்டி எதன் மீதாவது மோதும்போதுதான் ஆசனம் என்பது என்ன என்று தெரியவரும்.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுப் பழகிய நமக்கு இதைக் கணக்காகச் சொன்னால்தான் திருப்தி. மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் வண்டி மரத்தில் மோதுகிறது. முன்பாகம் நசுங்கி, அரை மீட்டர் தூரத்துக்குள் வண்டி நின்றுவிடுகிறது. உள்ளே வண்டியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பவர் 70 கிலோ எடையுள்ளவர். அவரும் அதே அரை மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால், அவரைப் பிடித்து நிறுத்தும் பொருள் சராசரியாகச் சுமார் 1,280 கிலோ பாரத்தைத் தாங்கியாக வேண்டும். அவருடைய எடையைப் போல் பதினெட்டு மடங்கு! இது சராசரிதான், நடுவில் ஒரு கணம் இதைவிட மிகவும் அதிகமாகவும் ஏறும். அந்தப் பாரம் முழுவதும் பெல்ட் வழியாகப் போல்ட்டுக்கும், போல்ட் வழியாகத் தரைத் தகட்டுக்கும் போய்ச் சேருகிறது. மெத்தை எவ்வளவு மிருதுவானது, உறை என்ன நிறம் என்பவற்றுக்கு அந்தக் கணத்தில் எவ்வித வேலையும் இல்லை.

மனித சரீரம் பலவீனமானது, ஆகையால் மோதினால் மரணந்தான் என்று ஒரு காலத்தில் நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் ஒருவர் ஜான் பால் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை வைத்தியர். 1954-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி, நியூ மெக்ஸிகோவில், தண்டவாளத்தின்மீது ராக்கெட்டினால் ஓடும் ஒரு சறுக்கு வண்டியில் அவர் தம்மையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மணிக்கு 632 மைல் வேகத்தை எட்டிய அந்த வண்டி 1.4 செகண்டில் நிறுத்தப்பட்டது. எடையைப் போல் நாற்பத்தாறு மடங்கு பாரம் அவர் உடலைத் தாக்கிற்று. கண்களில் ரத்தம் கட்டிக் கொஞ்ச நேரம் பார்வை தெரியாமல் போயிற்று. ஆனால் மனிதர் பிழைத்தார். அதற்குப் பின் நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்து, 1999-ல் தம் 89-ஆவது வயதில் காலமானார். சரீரத்தை ஆசனத்தோடும், ஆசனத்தை வண்டியோடும் சரியாகப் பிணைத்திருந்தால் மனிதன் எவ்வளவு தாங்குவான் என்பதற்கு அவரே அத்தாட்சி. ஐந்து வருஷம் கழித்து, 1959-ல், ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற எஞ்சினீயர், இடுப்பையும் தோளையும் ஒரே வாரினால் மூன்று இடங்களில் பிணைக்கும் பெல்ட்டை அமைத்துக் கொடுத்தார். இன்று உலகமெல்லாம் கார்களில் காண்பது அதுவே.

பழைய பிக்கப்புகளின் கதை இதிலிருந்து வேறானது. அமெரிக்காவில் கார்களில் பெல்ட் இருந்தே தீர வேண்டும் என்ற மத்திய அரசாங்க விதி 1968-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. சரக்கு வண்டி என்ற காரணத்தால் பிக்கப்புகளுக்கு அந்த விதி 1970-களின் தொடக்கத்தில்தான் எட்டியது. தலைக்குப் பின்னால் அணை வேண்டும் என்ற விதி கார்களுக்கு 1969-ல் வந்தது; சிறு சரக்கு வண்டிகளுக்கோ 1991 செப்டம்பரில்தான் வந்தது. மூட்டைக்கும் மனிதனுக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்க இவ்வளவு நாள் ஆயிற்று! ஆகவே 1950, 1960-களின் பிக்கப் ஒன்றில் பெல்ட்டே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் இடுப்பைக் கட்டும் வார் மாத்திரம் இருக்கலாம். அதில் ஆசனத்தைத் தாங்கும் தரை, ஆசனத்தை மட்டும் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது. பெல்ட் இருந்த வண்டிகளிலும், பெல்ட்டின் போல்ட் தரையில் வேறோர் இடத்தில் தனியாகப் பூட்டப்பட்டிருந்தது. பெஞ்சுக்கு அதனோடு சம்பந்தமில்லை.

காயலான் கடையிலிருந்து வரும் புது ஆசனமோ இப்படிப்பட்டதன்று. கூரையை மடக்கக்கூடிய கார்களில் தோள் வாரை மாட்டப் பக்கத் தூண் கிடையாது. அதனால் அவற்றில் சிலவற்றுக்கு வாரை ஆசனத்தின் முதுகிலேயே அமைத்துவிட்டார்கள். 1996-ல் வெளிவந்த கிரைஸ்லர் ஸீப்ரிங் என்ற கூரை மடக்கும் காரின் ஆசனம் இந்த வகை. பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்களிடையே அதற்கு நல்ல கிராக்கி உண்டு. தோள் வார் ஆசனத்தோடேயே வருகிறதே, தூணில் துளையிடும் வேலை மிச்சமாயிற்றே என்று வாங்குகிறார்கள். ஆனால் அந்த வார் இழுக்கும் பாரம் அத்தனையும் இப்போது ஆசனத்தின் கால்களுக்கு வந்துவிட்டதை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க விதியின்படி ஆசனம் என்பது தன் எடையைப் போல் இருபது மடங்கு பாரத்தைத் தாங்கினால் போதும். அதாவது 50 ராத்தல் ஆசனத்துக்கு ஆயிரம் ராத்தல். ஆனால் வார் ஆசனத்திலேயே இருந்தால், இடுப்பு வாருக்கு 3,000 ராத்தல், தோள் வாருக்கு 3,000 ராத்தல் என்று அந்தப் பாரங்களையும் கூடவே ஒருசேரத் தாங்க வேண்டும். ஆயிரம் ராத்தலுக்குப் போட்ட கால் ஏழாயிரம் ராத்தலுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. ஸீப்ரிங் காரின் தரை அதற்கென்றே செய்யப்பட்டது. பாட்டனாரின் பிக்கப்புத் தரை அப்படிச் செய்யப்பட்டதன்று.

அந்தத் தரை என்பது என்ன? ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனமுள்ள இரும்புத் தகடு. அது ஆதியில் இருந்த கனம். ரப்பர் விரிப்புக்கு அடியில் ஐம்பது வருஷத்து மழைநீரும், பனி உருக்கத் தெருவில் தூவும் உப்பும் தங்கித் தங்கி, எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ யார் கண்டது? ஆகவே பெஞ்சைக் கழற்றியதும் முதல் வேலை, விரிப்பை முழுவதும் உரித்துவிட்டு, தரையை அங்குலம் அங்குலமாகச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பது. நல்ல தகடு கணீரென்று சப்தமிடும். துருவேறியது பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கிய தரையின்மேல் எந்த ஆசனத்தையும் பூட்டக்கூடாது. துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு பற்றவைத்த பிறகே மற்ற வேலை. வர்ணத்துக்குச் செலவழித்த பணம் இங்கே செலவாகியிருக்க வேண்டும் என்று சொன்னால், வண்டிக்காரருக்குக் கோபம் வரும், வரட்டும்.

தரை நல்லதாக இருந்தாலும், வெறும் தகட்டில் துளையிட்டுப் போல்ட்டை மாட்டி, சிறு வாஷர் ஒன்றைப் போட்டு முடுக்குவது போதாது. பெரிய இழுப்பு வரும்போது போல்ட் அறாது. வாஷரோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கனமான பொத்தானை மெல்லிய துணியில் தைக்கும்போது உட்பக்கம் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைக்கிறார்களே, ஏன்? பொத்தான் இழுபட்டால் துணி கிழியாதிருப்பதற்காகத்தான். அதே உபாயம் இங்கும். தரையின் அடிப்பக்கத்தில், உள்ளங்கை அகலமுள்ள, நல்ல கனமான எஃகுத் தகடு ஒன்றை ஒவ்வொரு போல்ட்டுக்கும் வைக்க வேண்டும். அதன் விளிம்பும் மூலையும் கூராக இருந்தால் அதுவே தரையை வெட்டிவிடும். ஆகையால் அரத்தால் ராவி மழுக்கிவிட வேண்டும். போல்ட்டும் கண்ட கடையில் கண்ட பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது. அமெரிக்க முறையில் போல்ட்டின் தலையிலேயே அதன் தரம் பொறித்திருக்கும்: மூன்று கோடுகள் இருந்தால் ஐந்தாம் தரம், ஆறு கோடுகள் இருந்தால் எட்டாம் தரம். கோடே இல்லாத போல்ட் வேலிக் கதவுக்கு ஆகும். பெல்ட்டுக்கென்று பதினாறில் ஏழு பங்கு அங்குலக் குறுக்களவும், அங்குலத்துக்கு இருபது மரையும் உள்ள போல்ட் ஒன்றை விதியிலேயே குறித்திருக்கிறார்கள். பெல்ட்டுடன் வரும் போல்ட்டை மாற்றாமல் இருப்பதே உத்தமம்.

இன்னொரு சங்கதி. பிக்கப்பின் கூண்டு கீழேயுள்ள இரும்புச் சட்டத்தோடு ஒட்டியதன்று. நடுவில் ரப்பர்க் கட்டைகளை வைத்து அதன்மேல் உட்கார்த்தப்பட்டது. "தகடு மெல்லியது, சட்டம் பலமானது, போல்ட்டை நீளமாகப் போட்டுச் சட்டத்திலேயே மாட்டிவிட்டால் என்ன?" என்று புத்திசாலிகள் சிலர் கேட்கிறார்கள். மோதும்போது கூண்டும் சட்டமும் ஒன்றைவிட்டு ஒன்று நகரும். ஆசனம் கூண்டிலும் பெல்ட் சட்டத்திலும் இருந்தால், நடுவில் அகப்பட்ட மனிதரின் கதி என்ன ஆவது? ஆசனமும் பெல்ட்டும் ஒரே இடத்தை, அதாவது கூண்டை, பற்றியிருப்பதுதான் முறை.

துளையிடும் கருவியைக் கையில் எடுப்பதற்குமுன் சொல்லவேண்டிய ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. 1960-களில் விற்ற ஷெவர்லே, ஃபோர்ட் பிக்கப்புகளில் பெட்ரோல் தொட்டி எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கூண்டுக்குள்ளேயே, ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால்! சுமார் இருபது காலன் பெட்ரோல், நம் கணக்கில் எழுபத்தைந்து லிட்டர், பிரயாணிகளின் முதுகை ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பிரயாணம் செய்தது. மூன்று பேரும் வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு அதன்மேல் சாய்ந்து போன காலம் அது. 1973-ஆம் வருஷத்து மாதிரிகளில்தான் இவ்விரு கம்பெனியாரும் தொட்டியைக் கூண்டுக்கு வெளியே மாற்றினார்கள். ஆகவே அதற்கு முந்திய வண்டியானால், தொட்டியைக் காலி செய்து வெளியே எடுத்து, கூண்டைக் காற்றாட விட்ட பிறகே துளையிடுவதும் பற்றவைப்பதும் நடக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டைத் தீயினால் சுட்டு இளக்கும் வழக்கமும் இங்கே உதவாது. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்தால் போல்ட் தானே இணங்கும். காலியான தொட்டி அபாயமற்றது என்று எண்ணிவிடக் கூடாது. பெட்ரோலைவிடப் பெட்ரோல் ஆவி பொல்லாதது. தரையின் அடியிலும் பிரேக்குக் குழாய், பெட்ரோல் குழாய், மின்சாரக் கம்பி இவை ஓடுகின்றன. கீழே படுத்து அவற்றைப் பார்த்துக்கொள்ளாமல் மேலேயிருந்து துளையிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு அரிவாள் வீசுவதைப் போன்றது. தொட்டி இருக்கும் கூண்டில் ஆசனத்தின் முதுகைச் சாய்க்கவும் இடமிருக்காது. படுக்கை போல் சாயும் ஆசனத்தைப் பெரும் விலை கொடுத்து வாங்கி வந்து, அது இரண்டு அங்குலம் சாய்ந்ததும் தொட்டியில் இடித்து நின்றுவிடுவதைக் கண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

உயரத்தின் விஷயமும் கவனிக்கத்தக்கது. பழைய பிக்கப்பில் ஓட்டுபவர் ஏறக்குறைய நாற்காலியில் உட்காருவதைப் போல் நிமிர்ந்து உட்காருகிறார். ஸ்டியரிங் சக்கரம் பெரிது, தட்டு போல் மல்லாந்து கிடப்பது. காரின் ஆசனம் தாழ்வானது. அதை அப்படியே தரையில் வைத்தால் ஓட்டுபவரின் கண்ணுக்குப் பாதை தெரியாது. கால் நீண்டுபோய்ப் பிரேக்கை மிதிக்க இடுப்பை நகர்த்த வேண்டியிருக்கும். உயரம் கொடுக்க அடியில் இரும்புத் தாங்கிகள் தேவை. தாங்கி உயர உயர, மோதும்போது அது மடங்கும் அபாயமும் உயரும். அதனால் மெல்லிய பட்டையை வளைத்துச் செய்த தாங்கி ஆகாது. கியர்ப் பெட்டிக்காகத் தரை நடுவில் மேடிட்டிருப்பதால், உட்பக்கக் காலும் வெளிப்பக்கக் காலும் ஒரே உயரமாகவும் இரா. முதலில் மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் ஆசனத்தை வைத்து, வீட்டில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் ஏறி உட்கார்ந்து பார்ப்பது நல்லது. முழங்கை எங்கே இடிக்கிறது, தலை கூரையைத் தொடுகிறதா, கிளச்சை அடிவரை மிதிக்க முடிகிறதா என்றெல்லாம் தெரிந்த பிறகே அளவு குறிக்க வேண்டும். ஒரு சாயங்காலம் முழுவதும் இதில் போனாலும் நஷ்டமில்லை.

ஆசனத்தின் இடம் மாறினால் பெல்ட்டின் கோணமும் மாறிவிடுகிறது. இடுப்பு வார் தரைமட்டத்துக்கு 30 பாகைக்குக் குறையாமலும், 75 பாகைக்கு மிகாமலும் சாய்ந்து இறங்க வேண்டும் என்பது விதி. மிகவும் படுத்தவாறு இருந்தால், மோதும்போது உடல் வாருக்கு அடியில் நழுவி, எலும்பின்மேல் இருக்க வேண்டிய வார் வயிற்றின்மேல் ஏறிவிடும். தோள் வாரிலும் ஒரு விபரீதம் உண்டு. பக்கத் தூணில் மாட்டச் சோம்பி, வாரை ஆசனத்தின் முதுகுக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்னால் தரையில் பூட்டிவிடுகிறார்கள். முன்னால் சாயும் உடலை அது பின்னுக்கு இழுப்பதற்குப் பதில் கீழே அமுக்குகிறது, முதுகெலும்பு நசுங்குகிறது. தோளின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ தூணில்தான் அதன் இடம். தூணின் தகடும் மெல்லியதே ஆனபடியால் அங்கும் உள்ளே கனத்த தகடு வேண்டும்.

தலையணை இல்லாத தாழ்ந்த முதுகுள்ள பெஞ்சு அழகுதான். ஆனால் பிக்கப்பில் தலைக்குப் பின்னால் சாண் தூரத்தில் கண்ணாடி இருக்கிறது. பின்னாலிருந்து வேறொரு வண்டி இடித்தால் தலை அதில் மோதும். புது ஆசனம் வாங்குவதற்கு நியாயமான காரணங்களில் இதுவும் ஒன்று என்று நாம் ஒப்புக்கொள்கிறோம்.

குழந்தைகளின் சங்கதிக்கு வருவோம். பெஞ்சின் நடுவில் உட்கார்ந்த குழந்தையை, பிரேக் போடும்போது தாய் தன் கையை நீட்டித் தடுப்பது அந்நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் கண்ட காட்சி. 30 மைல் வேகத்தில் மோதும்போது பத்துக் கிலோக் குழந்தை நூற்றெண்பது கிலோவாக முன்னே பாய்கிறது. எந்தத் தாயின் கை தாங்கும்? குழந்தைகளை அவர்களுக்குரிய ஆசனத்தில் கட்டித்தான் அழைத்துப் போகவேண்டும் என்ற சட்டம் 1978-ல் டென்னஸீ மாநிலத்தில் முதன்முதலாக அமலுக்கு வந்தது. சில வருஷங்களில் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. குழந்தை ஆசனத்தைப் பிணைக்க வலுவான பெல்ட் வேண்டும். பெல்ட் இல்லாத பழைய பெஞ்சில் அதை எப்படிப் பிணைப்பது? குடும்பத்தோடு போக விரும்புகிறவர்கள், இரண்டு அழகான பக்கெட்டுகளை விட்டுவிட்டு, மூன்று இடங்களுக்கும் பெல்ட் அமையக்கூடிய புதிய பெஞ்சைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்பது நம் கருத்து. இரண்டுதான் என்று தீர்மானித்துவிட்டால், நடுவில் உள்ள சந்தில் குழந்தையை உட்காரவைப்பதில்லை என்றும் அப்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

காயலான் கடை ஆசனத்தில் வேறொரு பூதமும் ஒளிந்திருக்கலாம். புது வண்டிகளின் ஆசனங்கள் பலவற்றில் பக்கவாட்டுக் காற்றுப்பையும், மோதும்போது பெல்ட்டை வெடுக்கென்று இறுக்கும் சிறு வெடிமருந்துக் குப்பியும் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் கம்பிகளின் இணைப்பு பெரும்பாலும் மஞ்சள் நிறம். பாட்டரியைக் கழற்றி, சில நிமிஷம் பொறுத்த பிறகே அவற்றைத் தொட வேண்டும். உறையைப் பிரிக்கிறேன் பேர்வழி என்று கத்தியால் அந்தப் பக்கத்தைக் கீறுவது, கம்பியில் மின்சாரம் வைத்துப் பார்ப்பது எல்லாம் விளையாட்டல்ல. பழைய வண்டியில் அந்தப் பை வேலை செய்யவும் போவதில்லை. மோதலில் ஒரு முறை இழுபட்ட பெல்ட்டையோ, வளைந்த ஆசனச் சட்டத்தையோ இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உறைத் துணியும் கவனிக்கத்தக்கது: வண்டியின் உட்புறத்துப் பொருள்கள் தீப்பற்றினால் நிமிஷத்துக்கு நாலு அங்குலத்துக்கு மேல் தீ பரவக் கூடாது என்று 1972 முதல் அங்கே விதி இருக்கிறது. வீட்டு ஸோபாவுக்கு வாங்கிய துணி அந்த விதியை அறியாது.

இவ்வளவு விதிகள் இருக்கின்றனவே, சர்க்கார் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பாதுகாப்புச் சாதனங்களைக் கெடுக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டம் வண்டி செய்பவரையும், விற்பவரையும், பழுது பார்க்கும் தொழிலாளரையும் கட்டுப்படுத்துகிறது. தன் கொட்டகையில் தன் வண்டியைத் தானே பிரிக்கும் சொந்தக்காரரை அது கட்டுப்படுத்துவதில்லை. மாநிலச் சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆக, அந்தக் கொட்டகையில் போல்ட்டின் தலையை எண்ணிப் பார்க்கிற அதிகாரி வண்டிக்காரரே. நம் தேசத்திலோ நிலைமை வேறு. பழைய ஜீப்பையும் வேனையும் வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் நேயர்கள், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை முதலில் படித்துவிடுவது நலம். பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்த அது இடங்கொடுப்பதில்லை. எத்தனை ஆசனம் என்பதும் அந்த விவரங்களில் ஒன்று.

எல்லாம் பூட்டியான பின் ஒரு சிறு பரீட்சை பாக்கியிருக்கிறது. ஆசனத்தை முன்பின் நகர்த்தும் தண்டுகள் இரண்டு. பல ஆசனங்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. தரை கோணலாக இருந்து தண்டுகள் நேர் இணையாக அமையாவிட்டால், ஒன்று பூட்டிக்கொள்ளும், மற்றொன்று பல்லில் விழாமல் மேலே தொற்றிக்கொண்டு நிற்கும். திடீரென்று பிரேக் போட்டால் ஆசனம் ஓடும். எனவே ஆசனத்தை ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, பலங்கொண்ட மட்டும் முன்னும் பின்னும் உலுக்கிப் பார்க்க வேண்டும். சில நூறு மைல் ஓட்டியபின், புதுத் தகடும் வர்ணமும் அமுங்கி இடங்கொடுத்திருக்கும்; ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி ஒரு முறை முடுக்க வேண்டும்.

கழற்றிய பழைய பெஞ்சைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். ஆதி உறையோடு கூடிய பெஞ்சுக்கு, வண்டியை அசல் உருவத்திலேயே வைத்திருக்க விரும்புவோர் நல்ல விலை கொடுக்கிறார்கள். அப்படி விற்க மனமில்லாதவர்கள் நாலு மரக்கால் அடித்து, அதை வீட்டு முன்தாழ்வாரத்தில் போட்டுவிடுகிறார்கள். பாட்டனாரும் பாட்டியும் சாயங்காலத்தில் அதன்மேல் அருகருகே உட்கார்ந்து, தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாட்டனார் பக்கத்துக் குழியில் பாட்டி மெல்லச் சரிந்துகொண்டிருப்பாள்.